பழைய கணினியும் ஸ்கஸி அட்டையும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள நண்பா,

உன் மகள் பல்கலைக்கழகம் புகுந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் பெருமகிழ்ச்சி. அம்மா உன்னை மிகவும் விசாரித்தார். முழங்கால் வலியைத் தவிர அவருக்குக் குறையொன்றும் இல்லை.

நமது தமிழ் மன்ற மலரின் கோப்புகள் என்னவாயின என்று கேட்டிருந்தாய். அவை பழைய ஸ்கஸி வன்தட்டில் பத்திரமாக இருக்கின்றன. ஸ்கஸி என்பது வன்தட்டு போன்றவற்றைக் கணினியோடு இணைக்கும் ஒரு பழைய முறை. அந்த வன்தட்டைப் படிப்பதற்காகவே என் பழைய 486 கணினியை மறுபடி இயக்கினேன். வன்தட்டை இணைக்க, அதில் செருகும் அடாப்டெக் 1542பி என்ற ஸ்கஸி அட்டை ஒன்றும் பம்பலப்பிட்டியில் கிடைத்தது.

அட்டையைத் தொடுமுன் ஒரு தாளில் கணக்கெழுதினேன். எந்த அட்டைக்கு எந்த முகவரி (கணினி அதை அழைக்கும் எண்), எந்த ஐ.ஆர்.கியூ. (அட்டை செயலியின் கவனத்தைக் கோரும் வழி), எந்த டி.எம்.ஏ. (செயலியை நடுவில் இழுக்காமல் நினைவகத்தோடு தரவு பரிமாறும் வழி) என்ற கணக்கு. அந்தத் தாள் சரியாக இருந்தால் மிச்சமெல்லாம் கைவேலைதான். 1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினி ஐ.ஆர்.கியூ. வழிகளை 8இலிருந்து 15 ஆக உயர்த்தியது. ஆனாலும் ஐ.எஸ்.ஏ. என்ற அந்தக் காலத்துச் செருகுமுறை அட்டைகள் இரண்டு ஒரே வழியைப் பகிர்ந்துகொள்வது சரிப்பட்டு வராது. யாருக்கு எது என்று மனிதன்தான் ஜம்பர் (அட்டையின் ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) வைத்துச் சொல்ல வேண்டும்.

1542பி வழக்கமாக முகவரி 330, ஐ.ஆர்.கியூ. 11, டி.எம்.ஏ. 5 ஆகியவற்றை எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் சவுண்ட் பிளாஸ்டர் 16 ஒலி அட்டையின் மிடி (இசைக்கருவி இணைப்பு) பகுதிக்கும் அதே 330. அதன் 16 பிட் ஒலிக்கும் அதே டி.எம்.ஏ. 5. கணக்கெழுதியபோதே இந்த மோதல் தெரிந்துவிட்டது. மிடியை 300க்கு மாற்றினேன், ஸ்கஸியை டி.எம்.ஏ. 6க்கு நகர்த்தினேன். 1542பியில் டி.எம்.ஏ. கோரிக்கைக்கு ஒரு ஜம்பர், ஒப்புதலுக்கு வேறொரு ஜம்பர். இரண்டையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

பிறகு ஸ்கஸி கேபிள். அதன் இரு முனைகளிலும் டெர்மினேட்டர் (சமிக்ஞை திரும்பி எதிரொலிக்காமல் தடுப்பது) வேண்டும், நடுவில் கூடாது. கேபிளில் அட்டையின் அடையாள எண் 7, வன்தட்டின் அடையாள எண் 0. கடற்காற்றில் மங்கிப்போயிருந்த தங்கப்பூச்சு முனைகளை மென்மையான அழிறப்பரால் துடைத்தேன். மின்சாரம் கொடுத்ததும் வன்தட்டின் பெயர் திரையில் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நண்பா. அதில் இருப்பது நம் எல்லோருடைய எழுத்தும் அல்லவா!

எதையும் திறந்து பார்க்காமல் முதலில் முழுவதையும் பிரதியெடுத்தேன். எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. இன்றைய பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றலாம், ஆனால் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை அது. பாமினியில் 'கெ' என்று எழுத ஒற்றைக்கொம்பு முதலில் வரும், ககரம் பின்னால் வரும். யுனிகோடில் அது தலைகீழ். இந்த வரிசை பிசகினால் கவிதைகளெல்லாம் சிதைந்துபோகும்.

மலரின் அச்சுப் பிரதி உன்னிடம் இருக்குமென்று நினைக்கிறேன். கவிதைப் பக்கங்களை மட்டுமாவது படமெடுத்து அனுப்பு. வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்