அந்த ஆர்டர கேன்சல் பண்ணிரு

எய்யா,

நேத்து போன்ல நீ கத்துன கத்துக்கு அப்பவே பதில் சொல்லிருப்பேன். தை முகூர்த்தத்துக்கு எட்டு ஜாக்கெட் கெடக்கு, பொண்ணோட அம்மா வேற முன்னால ஒக்காந்து கொக்கி வச்சாச்சா வச்சாச்சான்னு கேட்டுட்டே இருந்தாவ, அதான் சரி சரின்னு வச்சிட்டேன். அந்த சரி ஒனக்கு சொன்னது இல்ல. புது டெலஸ்கோப் ஆர்டர் போட்டாச்சு, நீ வாங்குன அந்தப் பழசத் தூக்கி இரும்புக்காரன்ட்ட போடுன்னு சொன்னேல்லா, அதுக்குத்தான் ராத்திரி பதினோரு மணிக்கு ஒக்காந்து டைப் பண்ணுதேன். முழுசா படி. பாதிலயே ஓகேம்மான்னு போட்டுட்டுப் போவாத.

ஆரம்பம் என்னன்னா, கார்த்திகைல லைனிங் துணி எடுக்க திருநெல்வேலி ஜங்ஷன் போனேம்லா, அன்னைக்கு கொக்கிரகுளம் அறிவியல் மையத்துல சாயங்காலம் டெலஸ்கோப்புல நிலா காட்டுதாவன்னு ஒன் சித்தி மவன் கூட்டிட்டுப் போனான். வரிசைல நின்னு ஒரு நிமிசம் பாத்திருப்பேன், குழி குழியா, அம்மியக் கொத்தி வச்ச மாதிரி, அதுக்குள்ள பின்னால நின்ன சின்னப்பய என் முந்தானையப் புடிச்சு இழுத்துட்டான். அந்த ஒரு நிமிசம் எனக்குப் பத்தல. அம்புட்டுத்தான் காரணம். ஒங்க அப்பா சொல்லுத மாதிரி கோட்டியெல்லாம் புடிக்கல.

பாளையங்கோட்டைல ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் வீட்டுல விக்கிறதுக்கு இருக்குன்னு தெரிஞ்சுது. அவிய மவன் பிளஸ் டூல வாங்குனது, ரெண்டு தடவ பாத்துட்டு பீரோ மேல ஏத்துனவன் வெளிநாட்டுக்குப் போயிட்டான். ஆறாயிரம் சொன்னாவ. எனக்கு டெலஸ்கோப் தெரியாது, ஆனா பழைய தையல் மிஷின் எத்தன வாங்கிருக்கேன், எத்தன வித்துருக்கேன். பழைய மிஷின் வாங்கும்போது பெயிண்ட்டப் பாக்கக்கூடாது, வீல கையால பைய உருட்டிப் பாக்கணும், எங்கன புடிக்கி எங்கன லூசா ஓடுதுன்னு கையே சொல்லிரும். இதையும் அப்பிடித்தான் பாத்தேன். முக்காலியப் புடிச்சு ஆட்டுனேன், ஐபீஸ், அதான் கண்ணு வச்சுப் பாக்குத லென்சு, அத மாட்டுற இடத்த முன்ன பின்ன உருட்டுனேன், குழாயத் திருப்புற ரெண்டு குமிழையும் திருகிப் பாத்தேன். ஒண்ணு திருகவே வரல, உள்ள கிரீஸ் காஞ்சு பிசினா போயிருந்துச்சு. குழாய்க்குச் சமமா மறுபக்கம் மாட்டுத கவுண்டர் வெயிட் இருந்துச்சு, குமிழ்ல மாட்டித் திருகுற வயர் ரெண்டுல ஒண்ணக் காணும், மேல வச்சுக் குறி பாக்குத சின்ன செவப்புப் புள்ளி லைட்டு எரியல. அது பேட்டரி, சிஆர் 2032, நாப்பது ரூவா சாமான், ஆனா வெல பேசும்போது அத நான் சொல்லல. மூவாயிரத்து ஐநூறுக்கு முடிச்சேன்.

டப்பால 675 மடங்கு பெருசாத் தெரியும்னு போட்டுருக்கு. அதப் பாத்து மயங்கிராத, லென்சுக்குப் பதிலா முகம் பாக்குத மாதிரி கண்ணாடி வச்ச இந்த டெலஸ்கோப்புக்கு அந்தக் கண்ணாடியோட விட்டம்தான் கணக்கு. நம்மளது 114 மில்லிமீட்டர், வெளிச்சம் குவியுத தூரம், அதான் போகஸ் நீளம், 900. அத ஐபீஸ் நம்பரால வகுக்கணும், 25 மில்லிமீட்டர் ஐபீஸப் போட்டா 36 மடங்கு, 10 போட்டா 90. கண்ணாடி விட்டத்துக்கு ரெண்டு மடங்குக்கு மேல, அதாவது 230க்கு மேல போனா வெறும் கலங்கல்தான் பெருசாவும். நான் 90க்கு மேல இதுவரைக்கும் போவல, தேவையும் படல.

வீட்டுக்குக் கொண்டாந்து டார்ச் அடிச்சுப் பாத்தா கண்ணாடி பூரா பூஞ்சப் புள்ளி. ஒங்க அப்பா ஒடனே வேட்டி நுனியால தொடைக்க வந்தாவ பாரு, கையப் புடிச்சு நிறுத்துனேன். முகம் பாக்குத கண்ணாடிக்கு ரசம் பின்னால இருக்கும், இதுக்கு அலுமினியப் பூச்சு முன்னால, தொடுற பக்கத்துலயே இருக்கு, தொடச்சா கோடு விழுந்துரும். இன்வெர்ட்டருக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர் ரெண்டு கேன் வாங்குனேன். கண்ணாடியக் கழத்தி, மொதல்ல குழாத் தண்ணிய ஓடவிட்டு, பொறவு ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் போட்ட தண்ணில ஊறப்போட்டு, கடசில டிஸ்டில்ட் வாட்டர ஊத்தி செவுத்துல சாச்சு வச்சேன். தொடவே இல்ல. எல்லாப் புள்ளியும் போவல, நாலஞ்சு நின்னுட்டு, அதுனால பாக்கதுக்கு ஒண்ணும் கொறையல.

தப்பு பண்ணது எங்கனன்னா, அந்த இறுகுன குமிழ்ல. மிஷினுக்கு விடுற எண்ணெயத்தான் விட்டேன், பழக்கதோசம். மறுநா காலைல பாத்தா எண்ணெய் பூரா வழிஞ்சு முக்காலி வழியா மொட்டமாடித் தட்டட்டி ஓட்டுல ஒழுகிக் கெடக்கு, குழாயும் தொட்டா போதும் சர்ருன்னு கவுந்துச்சு. பொறவு எல்லாத்தையும் கழத்தி மண்ணெண்ணெய்ல கழுவி, சைக்கிள் கடைல கொஞ்சம் கிரீஸ் வாங்கிப் பூசுனேன். இப்ப வெண்ணெ மாதிரி ஓடுது. நீ அனுப்புதேன்னு சொன்னியே, அதோட போட்டோவ நல்லா பெருசாக்கிப் பாத்தேன். கால் என் கொடைக் கம்பி மொத்தம்தான் இருக்கு. கண்ணாடி எம்புட்டு நல்லா இருந்தாலும் கால் ஆடுனா வியாழன் டான்ஸ் ஆடும்யா.

கண்ணாடியக் கழத்துனா திருப்பி நேராக்கணும்லா, அது மூணு ராத்திரியத் தின்னுட்டு. ஐபீஸ் ஓட்டைல பழைய பிலிம் ரோல் டப்பா கரெக்டா நிக்கும். நான் ஜாக்கெட் கொக்கி போட்டு வச்சிருக்கேம்லா ஒரு கருப்பு டப்பா, அந்தக் கொக்கியெல்லாம் கொட்டிட்டு, மூடி நடுவுல ஊசியச் சுட்டு ஓட்ட போட்டு, அடிய வெட்டி எறிஞ்சிட்டு, அது வழியா பாத்துக்கிட்டே பின்னால உள்ள மூணு ஸ்க்ரூவத் திருப்புளி வச்சு கால் சுத்து கால் சுத்தாத் திருகுனேன். சரியாயிட்டான்னு பாக்க ஒரு நட்சத்திரத்த போகஸ் கலச்சுப் பாக்கணும், வட்டத்துக்குள்ள வட்டமா நடுவா நின்னா சரி, ஒரு பக்கம் ஒதுங்குனா இன்னும் திருகணும். கழுத்துப்பட்டி வெட்டுத மாதிரிதான், அவசரப்பட்டா துணி போச்சு.

இன்னொரு கூத்து கேளு. இது ஸ்டாண்டு துருவ நட்சத்திரத்தப் பாத்து சாச்சு வைக்கிற ரகம். நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு வடக்க 8.7 டிகிரி, அப்ப வடக்க துருவமும் அம்புட்டு ஒசரத்துலதான் நிக்கும், நம்ம வீட்டுக்கு அது எதுத்த வீட்டுத் தென்னைக்குப் பின்னால. ஸ்டாண்டு ஸ்கேலு 20க்குக் கீழ எறங்கவே மாட்டேங்கு. குளிர் நாட்டுக்காரனுக்குச் செஞ்சது போல. முன்னால உள்ள நீட்டு போல்ட்டக் கழத்துனதுக்கு அப்புறம் ஒம்பது பக்கம் எறங்குச்சு. எறங்குனா என்ன, கெழக்க எந்திரிக்கிற எதையாவது பாக்கத் திருப்புனா வெயிட்டு போயி முக்காலிக் கால்ல மடார்னு முட்டுது. ரெண்டு நாள் யோசிச்சேன். வடக்கப் பாத்து ஒரு கால வைக்காம, ரெண்டு காலுக்கு நடுவுல உள்ள எடம் வடக்கப் பாக்குத மாதிரி முக்காலியத் திருப்பி வச்சேன், முட்டு நின்னுட்டு. இப்ப வியாழனப் புடிச்சிட்டா ஒரே குமிழத்தான் திருகணும், மிஷின் வீல உருட்டுத மாதிரி. திருகாட்டி 90 மடங்குல நடுவுல நின்னது ஒரு நிமிசத்துல வெளிய ஓடிரும், பூமி தன்னத்தானே சுத்துத சுத்து அப்பிடி.

டப்பாவுக்குள்ள ஐபீஸ்ல மாட்டுத கருப்புக் கண்ணாடி ஒண்ணு இருந்துச்சு, சன் அப்படின்னு எழுதிருந்துச்சு. அத அம்மிக்கல்லால ஒடச்சு குப்பைல போட்டேன். சூடு பூரா அதுலதான் வந்து குவியும், பட்டுன்னு தெறிச்சா கண்ணு போச்சு. பாப்பா லீவுக்கு வருவால்லா, பகல்ல இது பக்கமே விடக்கூடாது. வெல்வெட் துண்டுல எலாஸ்டிக் வச்சு குழாய் வாய்க்கு உறை தச்சு மாட்டிருக்கேன், மாம்பழக் கலர்.

சாயங்காலம் நாலு கொடம் தண்ணிய தட்டட்டில ஊத்திருவேன். பகல் பூரா வெயில் குடிச்ச தளம், ராத்திரி அந்தச் சூடு மேல எழும்புனா சட்டில பாக்குத மாதிரி படம் கொதிக்கும். டெலஸ்கோப்பையும் ஒரு மணி நேரம் முன்னாலயே வெளிய வச்சிரணும்.

சனி மேக்க பொதிய மலைக்குப் பின்னால சீக்கிரமே எறங்கிருது, வளையமும் இப்ப உருண்டைல ஊசி குத்துன மாதிரிதான் நிக்கி. 2025 மார்ச்சுல வெளிம்ப மட்டும் நமக்குக் காட்டுச்சாம், பதினஞ்சு வருசத்துக்கு ஒருக்க அப்பிடி வருமாம், இனி கொஞ்ச வருசத்துக்கு விரிஞ்சுக்கிட்டே போவும். தெக்க அகத்திய நட்சத்திரம் நல்லா பளபளன்னு எந்திரிக்கி. அகத்தியரு இருக்குத மலை மேக்க, நட்சத்திரம் தெக்க, ஏன்னு ஒங்க அப்பாட்ட கேட்டேன், முறைச்சாவ. டெலஸ்கோப்ல பாத்தா அதுவும் புள்ளிதான், எந்த நட்சத்திரமும் அப்பிடித்தான், அதுல ஏமாந்துராத.

வியாழன்தான் இப்ப ராசா. குருப்பெயர்ச்சிக்குப் பரிகாரம் கேட்டு அலையுத மனுசன் ஒங்க அப்பா, கெஞ்சிக் கூத்தாடி மாடிக்கு ஏத்துனேன். குனிஞ்சு பாத்தாவ, ரெண்டு பட்டையோட உருண்டை, பக்கத்துல வரிசையா நாலு பொட்டு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. மறுநா அவியளா ஏறி வந்து பாத்துட்டு, ஏட்டி வாட்டி, மூணுதான் இருக்கு, ஒண்ணக் காணும், நீ நேத்து திருகுனதுல எங்கயோ விழுந்துட்டுன்னு ஒரே சத்தம். அந்தப் பொட்டெல்லாம் வியாழனோட நிலா, ஒண்ணு கோளுக்குப் பின்னால போயிருக்கும், இல்லாட்டி குறுக்க வந்திருக்கும்னு சொன்னா நம்பல. 1610ல கலிலியோவும் இதே மாதிரிதான் ராத்திரிக்கு ராத்திரி எண்ணிப் படம் போட்டு வச்சாராம்னு சொன்னேன். அன்னைல இருந்து தினசரி காலண்டர் தாளக் கிழிச்சு, அதுக்குப் பின்னால உருண்டையும் பொட்டும் போட்டுட்டு வாராவ. இன்னைக்கோட பதினோரு தாள் ஆச்சு, ராகு காலம் ஒரு பக்கம், வியாழன் மறுபக்கம்.

அதனால ஏல, அந்த ஆர்டர கேன்சல் பண்ணிரு, பணம் திருப்பி வந்துட்டான்னு பாரு. மனசு கேக்கலேன்னா 15 மில்லிமீட்டர் ஐபீஸ் ஒண்ணு வாங்கி அனுப்பு, ஒண்ணேகால் இஞ்சு ஓட்டைக்கு, வேற சைஸ் அனுப்பிராத. கூட அந்தத் திருகுற வயர் ஒண்ணு. பாப்பா பள்ளிக்கூடம் என்னைக்கு அடைக்காவன்னும் சொல்லு, சித்திரைல பவுர்ணமி இல்லாத வாரமா பாத்து டிக்கெட் போடு.

அம்மா
கல்லிடைக்குறிச்சி