முகப்பருக் குளிசையோடு எச்சரிக்கைத் தாளையும் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடுமையான முகப்பருவுக்கு வைத்தியர்கள் எழுதித் தரும் ஐசோரெற்றினொயின் என்ற மருந்து யாழ்ப்பாணத்தில் சில மருந்துக்கடைகளில் விற்கப்படும் விதம் பற்றி எழுதுகிறேன். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, தேவையான கப்சூல்களைச் சிறிய காகித உறையில் போட்டு, மேலே ‘இரவு 1’ என்று எழுதிக் கையில் தருகிறார்கள். பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் எச்சரிக்கைத் தாள் கடையிலேயே தங்கிவிடுகிறது. வேறு மருந்தென்றால் சிறு குறை என்று விட்டுவிடலாம். கருவிலுள்ள பிள்ளையின் மூளை, இருதயம், காது, முகம் ஆகியவற்றின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடிய மருந்து இது. விட்டுவிட முடியாது.

நான் முப்பத்து நான்கு வயதான விஞ்ஞான ஆசிரியை. கோண்டாவிலில் பெற்றோருடன் வாழ்கிறேன். பள்ளிப் பருவத்தோடு போய்விடும் என்றார்கள்; பரு போகவில்லை. ஒவ்வொரு மாதமும் மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் நாடியிலும் தாடை ஓரத்திலும் தோலுக்கடியில் கட்டியாக எழும்பும். தொட்டால் நோகும், ஆறினால் குழி விடும். இருபத்தைந்து வயதைத் தாண்டியும் பரு வருவது பெண்களில் அதிகம். எண்ணெய்ச் சுரப்பியும் ஹோர்மோனும் நுண்துளை அடைப்பும் கிருமியும் அழற்சியும் சேர்ந்து உண்டாக்கும் நோய் அது. ஊரில் அதை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை. உடம்புச் சூடு, எண்ணெய் வைத்து முழுகு என்பார் ஒருவர். கலியாணம் கட்டினால் மாறிவிடும் என்பார் இன்னொருவர். இந்தக் கடைசி வார்த்தையை எத்தனை பெண்கள் வாய்மூடிக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போதே எனக்கு மனம் கொதிக்கிறது.

முதலில் வைத்தியர் தந்தவை அடாபலீன், பென்சொயில் பெரொக்சைட் என்ற பூச்சு மருந்துகள். இரண்டாவது மருந்து பட்ட தலையணை உறையெல்லாம் வெளிறிப்போகும். பிறகு டொக்சிசைக்கிளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து. எதற்கும் அடங்காமல் தழும்பு கூடிக்கொண்டு போனதால் ஐசோரெற்றினொயினுக்கு வந்தோம். விற்றமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த இந்த மருந்து எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருங்கச் செய்கிறது. அமெரிக்காவில் 1982இல் அனுமதிக்கப்பட்டது. கருவுக்கு அது செய்யும் தீங்கு காரணமாக, பெண்கள் மாதந்தோறும் கர்ப்பப் பரிசோதனை செய்த பின்னரே மருந்து பெறும் கட்டாயப் பதிவு முறையை 2006இல் அங்கே கொண்டுவந்தார்கள்.

எனக்கு இந்த மருந்தை எழுதித் தந்த தோல் நோய் வைத்தியர் ஒரு பெண்மணி. பேனாவைக் கையில் எடுக்க முன்னரே, கர்ப்பமாக இருக்கச் சாத்தியம் உண்டா என்று நேரடியாகக் கேட்டார். பக்கத்தில் இருந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. “கலியாணமாகாத பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது, டொக்டர்?” என்றார். “அம்மா, இந்த மருந்தை எழுதும்போது எல்லாப் பெண்களிடமும் கேட்பேன். என் மகள் என்றாலும் கேட்பேன்” என்று பதில் சொல்லிவிட்டு, சிறுநீர்ப் பரிசோதனைக்கும், ஈரல், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைக்கும் துண்டு எழுதினார். அம்மா வீடு வரும்வரை பேசவில்லை. எனக்கோ அந்த வைத்தியர் மீது பெரும் மரியாதை உண்டாயிற்று. என்னை வளர்ந்த மனுஷியாக மதித்து, சொல்ல வேண்டியதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் அவர்.

அவர் சொன்ன அடிப்படை விதி இது: மருந்து தொடங்க ஒரு மாதம் முன்பிருந்து, பாவிக்கும் காலம் முழுவதும், கடைசிக் கப்சூலுக்குப் பின் ஒரு மாதம் முடியும்வரை கர்ப்பம் தரிக்கக்கூடாது. இதை எங்கள் ஊர் வழக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். எங்கள் பெண்பிள்ளைகளை முகப்பருவுக்காக வைத்தியரிடம் கூட்டிப்போவது எப்போது? கலியாணம் பேசத் தொடங்கும்போது. பொருத்தம் பார்த்து, நாள் வைத்து, பொன்னுருக்கலுக்கு முன் முகம் துப்பரவாக வேண்டும் என்று அவசரப்படுகிறோம். இந்த மருந்து அவசரத்துக்கு அடங்காது. மொத்த அளவை உடல் எடையில் கிலோவுக்கு 120 முதல் 150 மி.கி. வரை என்று கணக்கிடுவது வழக்கம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் குறைந்தது 6000 மி.கி.; தினமும் 20 மி.கி. என்றால் பத்து மாதம் போகும். ஆகவே தாலி ஏறும் நாளிலும் மருந்து நடந்துகொண்டிருக்கலாம், அல்லது அப்போதுதான் முடிந்திருக்கலாம். கலியாணமான மறுமாதமே ‘ஏதாவது விசேஷமா?’ என்று கேட்கும் ஊர் இது. மருந்து பற்றி மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. சில வேளை மாப்பிள்ளைக்கே தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்தது ‘இரவு 1’ மட்டும்தான். இந்த நிலையில் ஒரு கருவுக்கு ஏதும் நேர்ந்தால் பழி அந்தப் பெண்ணின் தலையில் அல்லவா விழும்?

நாள் குறிக்கும் தாய் தகப்பனுக்கு என் வேண்டுகோள்: சோதிடரிடம் போகும் முன் மகளின் கடைசிக் கப்சூல் எப்போது என்று கேளுங்கள். கலியாணத்தைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. கருத்தடை பற்றி வைத்தியரிடம் பிள்ளை தனியாகப் பேச இடம் கொடுத்தாலே போதும்.

உறையில் எழுதப்படாத வேறு விஷயங்களும் உண்டு. என் அப்பா வயல் செய்பவர். எலிக்காய்ச்சல் தடுப்புக்காக விவசாயிகளுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. 2024 மார்கழியில் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவியபோது அந்த மருந்தின் பெயர் எல்லோர் வாயிலும் வந்தது. அதையும் ஐசோரெற்றினொயினையும் ஒரே காலத்தில் எடுத்தால் மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடி, தாங்க முடியாத தலையிடியும் பார்வைக் கோளாறும் வரலாம். இதனால்தான் என் வைத்தியர் டொக்சிசைக்கிளினை நிறுத்திய பிறகே புதிய மருந்தைத் தொடங்கினார். வயலுக்கு இறங்கும் ஒரு பெண்ணுக்கு இந்த இரண்டு மருந்துகளும் வேறு வேறு கைகளிலிருந்து கிடைத்தால் யார் அவளைத் தடுப்பது?

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் அனுப்பும் மீன் ஈரல் எண்ணெய்க் குளிசையும் அப்படித்தான். அதில் விற்றமின் ஏ உண்டு. இந்த மருந்தோடு சேர்க்கக்கூடாது. கரட்டையும் பப்பாசியையும் நிறுத்தச் சொல்லி அயலவர் சிலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். மரக்கறி, பழங்களை வழமைபோலச் சாப்பிடலாம், விற்றமின் ஏ குளிசைகளைத்தான் தவிர்க்க வேண்டும் என்று வைத்தியர் தெளிவுபடுத்தினார்.

இரத்ததானம் பற்றியும் சொல்ல வேண்டும், அது ஆண்களுக்கும் பொருந்தும். இங்கே நினைவு தினங்களுக்கும் பாடசாலை விழாக்களுக்கும் இரத்ததான முகாம் வைப்பது நல்ல வழக்கம். ஆனால் இந்த மருந்தைப் பாவிப்பவரும், நிறுத்தி ஒரு மாதம் ஆகாதவரும் இரத்தம் கொடுக்கக்கூடாது. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம். எங்கள் பாடசாலை முகாமில் நான் விலகி நின்றபோது சக ஆசிரியர்கள் காரணம் கேட்டார்கள், மறைக்காமல் சொன்னேன். மருந்துக்கடையில் இது தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று இரண்டு இளைஞர்கள் பிறகு என்னிடம் வந்து சொன்னார்கள்.

‘இரவு 1’ என்பதும் முழுமையான அறிவுறுத்தல் அல்ல. கொழுப்புள்ள உணவோடு எடுத்தால்தான் மருந்து உடம்பில் சரியாகச் சேரும். வெறும் வயிற்றில் விழுங்கினால் பெரும் பகுதி வீணாகும். தேங்காய்ப்பூப் போட்ட புட்டும் பால் சொதியும் சாப்பிட்ட கையோடு நான் எடுப்பேன். கந்தசஷ்டி விரதத்துக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு ஒழுங்கு செய்துகொண்டேன்.

உதடு வெடிப்பதும், கண் காய்வதும், வெயில் சுள்ளென்று சுடுவதும் தாங்கக்கூடியவை. மனச்சோர்வு வந்தால் ஒளிக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்று வைத்தியர் வீட்டாரிடமும் கூறியிருந்தார். எனக்கு அது வரவில்லை. வரக்கூடிய ஒருவருக்கு அந்தச் சொல் உயிரைக் காப்பாற்றும்.

இந்த மருந்துக்குப் பயந்து யாரும் ஓடக்கூடாது. என் முகத்தில் புதிய கட்டிகள் எழும்புவது நின்றுவிட்டது, நாடியைக் கையால் மறைக்காமல் வகுப்பில் நிற்கிறேன். யாழ் போதனா வைத்தியசாலையில் தோல் நோய்க் கிளினிக் இருக்கிறது; பருவால் வருந்துபவர்கள் அங்கே போகலாம். பெயரில்லாத வெள்ளைப்படுத்தும் கிறீம்களை வாங்கிப் பூசுவதிலும் அது எவ்வளவோ மேல்.

நான் கேட்பது இவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர்களே, வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமல் இந்த மருந்தைக் கொடுக்காதீர்கள். துண்டோடு வருபவருக்கு, அட்டையை வெட்டிக் கொடுத்தாலும், எச்சரிக்கையைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளை உறைக்குள் வையுங்கள். எனக்குக் கிடைத்த தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது, அதுவும் நான் வற்புறுத்திக் கேட்டு வாங்கியது. 1987 முதல் தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. கருவைப் பாதிக்கும் மருந்துகளுக்காவது மும்மொழித் தாளை அது கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. முக்கியமான எச்சரிக்கைகளை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, என் வைத்தியரிடம் காட்டித் திருத்தம் பெற்றிருக்கிறேன். அதை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். இடமிருந்தால் வெளியிடுங்கள், மருந்துக்கடைக்காரர்கள் யாரும் அதை வெட்டியெடுத்துப் பிரதி செய்து கொடுக்கலாம்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில்.