ஆண்களையும் சோதிக்கச் சொல்லுங்கள், ஆசிரியரே

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில் பிள்ளையில்லாத தம்பதிகளைப் பற்றிப் பெரிதாக எழுதியிருந்தீர்கள். பெண்ணின் வயது, எடை, மனக்கவலை, இரவுச் சாப்பாடு வரை எல்லாம் வந்திருந்தது. குடிக்கு மட்டும் ஒரேயொரு வரி: ‘ஆண்கள் மதுவைக் குறைத்துக்கொள்வதும் நல்லது.’ தேத்தண்ணிக்குச் சீனி குறைக்கிற மாதிரி!

என் கணவர் கள்ளில் தொடங்கிச் சாராயத்துக்குப் போனவர், பின்னேரமானால் வீட்டில் இருக்கமாட்டார். பிள்ளை இல்லையென்றதும் ஸ்கான், ஊசி, குளிசை, நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி எல்லாம் எனக்கு, மலடி என்ற பெயரும் எனக்கு. எவ்வளவு குடிக்கிறீர் என்று ஒரு டொக்டரும் அவரைக் கேட்கவில்லை. அவருக்கோ மார்பு பெண்களுடையதைப் போலப் பெருத்து வந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இவர் திருவிழாவுக்கும் வெளிவீதியோடு நின்றுவிடுவார், கேட்டால் சனநெரிசல் ஒத்துவராதாம்.

ஈரல் பழுதாகி வார்ட்டில் கிடந்தபோதுதான் ஒரு இளம் டொக்டர் பிள்ளை விளக்கமாகச் சொன்னார். வருடக்கணக்காகக் குடித்தால் விதையில் ஆண் ஓமோனைச் சுரக்கும் கலங்கள் கெட்டுப்போகும், அவற்றை வேலைசெய்யத் தூண்டும் மூளைச் சுரப்பியும் சோர்ந்துவிடும், ஈரலும் பழுதானால் பெண் ஓமோனின் கை ஓங்கிவிடும், அதனால்தான் மார்பு பெருத்து, விதை சுருங்கி, உடம்பு மயிரும் உதிர்கிறது என்றார். விந்தணுவும் குறையுமாம். அது உருவாக இரண்டரை மாதமளவு எடுக்கும், நேரத்தோடு குடியை விட்டால் பலருக்குத் தேறும் என்றும் சொன்னார். எனக்கு அப்போது வயது போய்விட்டது. மாமி இன்றைக்கும் குறை என்னில்தான் என்கிறார்.

2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கள் மது விளம்பரம் போடுவதில்லை, சரி. ஆனால் அந்தக் கட்டுரைக்குக் கீழேயே ஆண்மைக்கு லேகியம் என்று கால் பக்க விளம்பரம்! எங்கள் பகுதியில் சாராயக் கடை வேண்டாமென்று பெண்கள் வீதியில் நின்றதற்கு உங்களிடம் நாலு வரிக்கு மேல் இடம் இருக்கவில்லையே?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை தாமதமானால் பெண்ணைச் சோதிக்கும்போதே ஆணின் விந்தையும் சோதிக்கவேண்டும், அது சுலபமான சோதனை, குடிப்பழக்கத்தை டொக்டரிடம் ஒளிக்கக்கூடாது என்று அடுத்த கிழமை ஒரு பெட்டிச்செய்தி போடுங்கள். லேகியத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அதனால்தான் எழுதத் துணிந்தேன். பெயர் போடவேண்டாம்.

நெடுநாள் வாசகி,
கோண்டாவில்