சூயஸ் மூடாமல் ஓடிய கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சூயஸ் பற்றிய கட்டுரையில், போர் வந்தாலே அந்தக் கால்வாய் முடங்கிவிடும் என்பதுபோல எழுதியிருந்தீர்கள். 1956-ல் சில மாதமும் 1967-ல் 8 வருஷமும் முடங்கியது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய கதை வேறு.

1882-ல் பிரிட்டிஷ் படை கால்வாயைக் கைப்பற்றியபோது, இது நடுநிலைப் பாதை என்று, கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸ் எவ்வளவோ கத்திப் பார்த்தார். அவர் பேச்சை நம்பி கால்வாயை அடைக்காமல் விட்ட, பிரிட்டிஷாரை எதிர்த்த எகிப்தியப் படைத்தலைவர் அராபி பாஷாதான் கடைசியில் ஏமாந்தார். வணிகக் கப்பல்கள் நின்றது சில நாள்தான், அப்புறம் வழக்கம்போல ஓட்டம். 1915 பிப்ரவரியில் துருக்கியர் படகுகளைச் சுமந்துகொண்டு சினாய் பாலைவனத்தைக் கடந்து வந்து தாக்கியபோது பிரிட்டிஷ் தரப்பில் கரையைக் காத்து நின்றவர்களில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். இதை நம் பாடப்புத்தகத்தில் நான் படித்ததாக ஞாபகமே இல்லை.

எனக்குப் பிடித்தது 1941. ஜெர்மன் விமானங்கள் ராத்திரியில் காந்தக் கண்ணிவெடிகளைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போகும். எங்கே விழுந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கரையோரம் ஆட்களைக் காவல் வைத்தார்கள், கால்வாய்க்கு மேலே வலையும் விரித்தார்கள், விடிந்ததும் வலை கிழிந்த இடத்துக்கு நேர் கீழே தேடினால் போதும். இத்தனைக்கும் அப்போது பிரான்ஸே ஜெர்மனியிடம் விழுந்துகிடந்தது, கால்வாயை நடத்தியதோ பிரெஞ்சு நிர்வாகக் கம்பெனி!

எல்லா நாட்டுக் கப்பலுக்கும் போரிலும் வழி உண்டு என்று 1888 ஒப்பந்தம் சொன்னது. சரி, பிரிட்டனின் எதிரிக் கப்பல் எது அந்த வழியாகப் போக முடிந்தது? அதையும் உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி