நாற்று விளக்கு எத்தனை அடி உயரத்தில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்கோடு, ராயக்கோட்டை, சூளகிரி, தளி பக்கம் தக்காளி, குடைமிளகாய், கோஸ் நாற்றைக் குழித்தட்டில் (சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு) விடுவது பழகிப்போன தொழில். இப்போது அறைக்குள் ரேக் அடித்து எல்.இ.டி. விளக்கின் கீழ் நாற்று விடவும் சிலர் இறங்கியிருக்கிறார்கள். ஓசூர் அடுக்குமாடி வீடுகளில் மாடித்தோட்டத்துக்காக இதைச் செய்பவர்களும் உண்டு. எல்லோரும் முதலில் கேட்பது, விளக்கை எத்தனை அடி உயரத்தில் தொங்கவிடுவது என்பதுதான். விற்பவர் "ஒரு அடி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்த ஒற்றைப் பதிலை நம்பித் தொங்கவிட்டுத்தான் பல தட்டு நாற்று வீணாகிறது. விவசாயப் பக்கம் படிக்கும் உங்கள் வாசகர்களுக்கு உதவும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

உயரம் என்பது விளக்கின் வடிவத்தைப் பொறுத்தது. ஒற்றை பல்பைத் தொங்கவிட்டால், தூரம் இரட்டிப்பானதும் ஒளி கால்பங்காகக் குறையும். நீளமான ஒற்றை டியூப் என்றால் ஏறக்குறைய பாதியாகும். தட்டு முழுவதையும் மூடும்படி ஐந்தாறு டியூப்களை வரிசையாகப் பொருத்தி, பக்கங்களில் வெள்ளைத் தடுப்பும் வைத்துவிட்டால், 15 செ.மீ. உயரத்தை 30 செ.மீ. ஆக்கினாலும் பெரிய இழப்பு இருக்காது. ஒரு டியூபின் ஒளி விலகும் இடத்தைப் பக்கத்து டியூபின் ஒளி நிரப்பிவிடும். ஆகவே ஒருவருக்குச் சரியாக இருந்த "ஒரு அடி" இன்னொருவருக்கு இருட்டாகவும், மூன்றாமவருக்கு இலையை வெளுக்கவைப்பதாகவும் இருக்கும். எவ்வளவு ஒளி வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கேற்ற உயரத்தைப் பிறகு தேடுவதே முறை.

தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுக்கு வித்திலை (முளைத்ததும் விரியும் முதல் இலை) விரியும் கட்டத்தில் 7,000 முதல் 10,000 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் ஒளியை அளக்கும் அலகு) போதும். முதல் உண்மையிலை வந்தபின் 12,000 முதல் 15,000 லக்ஸ் தேவை. பயிர் விஞ்ஞானிகள் இதை மைக்ரோமோல் கணக்கில் (ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும் ஒளித்துகள்களின் அளவு) சொல்வார்கள். வெள்ளை எல்.இ.டி.க்கு லக்ஸை 70 ஆல் வகுத்தால் அந்தக் கணக்கு தோராயமாகக் கிடைத்துவிடும். 14,000 லக்ஸ் என்றால் 200 மைக்ரோமோல். அந்த ஒளியை நாளுக்கு 16 மணி நேரம் கொடுத்தால் நாற்றுக்கு ஒரு நாள் தேவையான 8 முதல் 12 மோல் ஒளி வந்துசேரும். செவ்வூதா நிறத்தில் எரியும் சிவப்பு-நீல விளக்குக்கு இந்த 70 பொருந்தாது. லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணின் உணர்வுக்கேற்பச் செய்யப்பட்டது. அந்த விளக்கின் அளவை மிகக் குறைத்தே காட்டும். அதன் கீழ் இலையின் பச்சை, மஞ்சள் வித்தியாசமும் தெரியாது. நாற்றுக்கு 6500 கெல்வின் வெள்ளை விளக்கே தாராளம்.

ரேக்கில் நான்கடிக்கு இரண்டடித் தட்டு ஒன்றில் 98 குழிகள் கொண்ட குழித்தட்டு நான்கு அடங்கும், 392 நாற்று. அதற்கு நான்கடி 20 வாட் எல்.இ.டி. டியூப் ஆறு வேண்டும். ஒவ்வொன்றும் 2,000 லூமன் (விளக்கு வெளிவிடும் மொத்த ஒளி) தந்தால், சிதறிப்போவது போக இலைமேல் சராசரி 13,000 லக்ஸ் கிடைக்கும். நான்கு டியூபோடு நிறுத்தினால் 9,000 லக்ஸ் சுமாருக்கு வரும். கீரைக்கும் லெட்யூஸுக்கும் அது போதலாம், குடைமிளகாய் நாற்று மெலிந்துவிடும். பெட்டியில் "1000 வாட்" என்று அச்சடித்த பலகை விளக்கை (தட்டையான பலகை வடிவ எல்.இ.டி.) நம்பி வாங்க வேண்டாம். சுவர் பிளக்கில் பொருத்தும் பவர் மீட்டரில் பார்த்தால் பலவும் 100 வாட்தான் இழுக்கும்.

ஆறு டியூபையும் சம இடைவெளியில் பொருத்துவது பரவலாக நடக்கும் பிழை. நடுவில் இருக்கும் நாற்றுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒளி வரும். ஓரத்து நாற்றுக்கு ஒரு பக்கம் மட்டும். அதனால் ஓர வரிசைகள் நடுவை நோக்கிச் சாயும், தண்டு நீளும். 60 செ.மீ. அகலத் தட்டில் ஓரத்திலிருந்து 4, 13, 24, 36, 47, 56 செ.மீ. என்று குறித்துப் பொருத்தினால் ஓரம் நெருக்கமாகவும் நடு சற்று அகலமாகவும் அமையும். டியூபின் இரு முனைகளிலும் ஒரு கையகல நீளத்துக்கு ஒளி குறையும். எனவே குழித்தட்டுகளை நீளவாக்கில் நடுப்பக்கமாக ஒட்டி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை உள்முனை வெளியே வரும்படி திருப்பிவிடுங்கள். பக்கவாட்டில் வெள்ளை பெயின்ட் அடித்த பிளைவுட்டோ வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டோ வைத்தால் போதும். கசங்கிய அலுமினியத் தாள் அங்கங்கே ஒளியைக் குவித்துவிடும். தெர்மக்கோல் எளிதில் தீப்பற்றும் என்பதால் விளக்கின் டிரைவர் (எல்.இ.டி.க்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி) பக்கம் அது வரவே கூடாது.

இப்போது உயரம். டியூபுக்கும் இலை நுனிக்கும் உள்ள இடைவெளி, இரண்டு டியூபுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் டியூபுக்கு நேர் கீழே பளிச்சென்றும் இடையில் மங்கலாகவும் வரிவரியாக ஒளி விழும். மேலே சொன்ன அமைப்பில் டியூப் இடைவெளி அதிகபட்சம் 12 செ.மீ.; ஆகவே 15 செ.மீ. உயரம் சரி. இந்த 15 செ.மீ. இலை நுனியிலிருந்து அளப்பது. குழித்தட்டின் விளிம்பிலிருந்து அளந்து கட்டிவிட்டு மறந்துபோனால், நாற்று வளர வளர இடைவெளி சுருங்கி நடுவில் உள்ளவை டியூபை முட்டும்.

உயரத்தை மாற்ற இரண்டு வழி. சங்கிலியும் எஸ் கொக்கியும் கொண்டு விளக்கை ஏற்றி இறக்கலாம். இருபது தட்டு வைத்திருப்பவருக்கு அது தினசரி ரோதனை. விளக்கை நிலையாகப் பொருத்திவிட்டு, குழித்தட்டுகளைச் செங்கல் மேல் வைத்துத் தொடங்கி, நாற்று உயர உயரச் செங்கலை உருவிக்கொள்வது எளிது. ரேக்கின் அடுக்குகளுக்கு இடையே 45 செ.மீ. விட்டால் குழித்தட்டு, 15 செ.மீ. நாற்று, 15 செ.மீ. இடைவெளி, டியூப் எல்லாம் அடங்கும்.

பலகை விளக்கு வைத்திருப்பவர்கள் இந்த 15 செ.மீ. கணக்கை எடுக்கக் கூடாது. நல்ல 100 வாட் பலகை ஒன்று இதே தட்டுக்குப் போதும் என்றாலும், அதன் ஒளி நடுவில் குவியும். 45 முதல் 60 செ.மீ. உயரத்தில் கட்டி, டிம்மர் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு) இருந்தால் வித்திலைக் கட்டத்தில் பாதியாகக் குறைத்து எரிய விடுங்கள். 30 செ.மீ.க்கு இறக்கினால் நடுக் குழிகளில் இலை வெளுத்து மேல்நோக்கிச் சுருளும்போதே ஓரத்து நாற்று ஒளிக்காக நீண்டுகொண்டிருக்கும். இரண்டும் ஒரே தட்டில் நடப்பதைப் பார்த்துவிட்டு, விதை சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கட்டிய பிறகு அளந்து பாருங்கள். லக்ஸ் மீட்டரின் உணரியைத் தட்டையாக, மேல்நோக்கி, இலை நுனி மட்டத்தில் வையுங்கள். நான்கு மூலை, நான்கு ஓரங்களின் நடு, தட்டின் மையம் என ஒன்பது இடங்களில் எழுதிக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த அளவு, மிக அதிகமானதில் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் ஓர டியூபை நகர்த்துங்கள், அல்லது விளக்கை 5 செ.மீ. உயர்த்திவிட்டுத் திரும்ப அளங்கள். செல்போன் செயலி காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஒரே போனால் மூலையையும் மையத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது உதவும்.

விளக்கை எப்போது போடுவது என்பதிலும் ஒரு நாள் தாமதம் பெரிய சேதம். விதை ஊன்றிய குழித்தட்டுகளை அடுக்கி மூடி வைக்கும் வழக்கம் நல்லதுதான். தக்காளிக்கு மூன்றாம் நாளிலிருந்தும், குடைமிளகாய்க்கு ஐந்தாம் நாளிலிருந்தும் காலை மாலை இரு வேளையும் திறந்து பார்க்க வேண்டும். வளைந்த தண்டு அங்கங்கே கோகோபீட்டை (குழியில் நிரப்பும் தென்னை நார்க்கழிவு) தள்ளிக்கொண்டு தெரிந்தவுடனே தட்டைப் பிரித்து விளக்கின் கீழ் கொண்டுபோய்விடுங்கள். இருட்டில் ஒரு ராத்திரி நீண்ட தண்டு பிறகு எவ்வளவு ஒளி கொடுத்தாலும் குட்டையாகாது. லெட்யூஸ் விதைக்கு மட்டும் முளைக்கவே ஒளி வேண்டும். அதை மேலாகத் தூவி விளக்கின் கீழேயே வையுங்கள்.

நாளுக்கு 16 மணி நேரத்துக்கு மேல் எரிப்பதில் பயனில்லை. தக்காளிக்கு 24 மணி நேரமும் ஒளி விழுந்தால் இலை மஞ்சள் புள்ளி விட்டுக் கெடும்; கத்தரிக்கும் இந்தக் குணம் உண்டு. டைமர் வாங்கும்போது உள்ளே பேட்டரி உள்ளதாகப் பாருங்கள். சக்கரம் சுற்றும் டைமர் மின்தடையில் நின்றுவிடும். சில நாளில் பகல் இரவாகி, நம் கணக்கு தப்பும்.

ஒளி சரியாக இருந்தும் நாற்று நீண்டால் வெப்பத்தைப் பாருங்கள். சித்திரை வெயிலில் தர்மபுரியில் மூடிய அறை கொதிக்கும். குறைந்த ஒளியும் கூடிய வெப்பமும் சேர்ந்தால் தண்டு நீள்வது நிச்சயம். மார்கழியில் தளி, ஓசூர் பக்கம் தலைகீழ்: எல்.இ.டி. மண்ணைச் சூடாக்காது, குளிரில் குடைமிளகாய் முளைக்கவே இழுக்கும். அப்போது தக்காளி இலையின் அடிப்புறம் ஊதாவானால் வேர் குளிர்ந்து மணிச்சத்தை எடுக்க முடியவில்லை என்று பொருள். விளக்கை இறக்கிப் பயனில்லை. எந்தக் காலமானாலும் ஒரு சின்ன மேசை விசிறி, இலை லேசாக அசையும் அளவுக்கு ஓடட்டும். காற்றோட்டம் இல்லாத ரேக்கில் நாற்றழுகல் ஒரு குழியில் தொடங்கினால் தட்டு முழுக்கப் பரவும். கோகோபீட் மேல் பச்சைப் பாசி படிந்தால் நீர் அதிகம் என்று அர்த்தம்.

சுண்டை வேர்ச்செடியில் கத்தரி ஒட்டுக்கட்டுபவர்களுக்கு மேற்சொன்ன லக்ஸ் கணக்கு எதுவும் முதல் வாரத்துக்குப் பொருந்தாது. ஒட்டு கூடும்வரை ஈரக்காற்று நிறைந்த மங்கிய இடம்தான் தேவை. முதல் இரண்டு மூன்று நாள் ஏறக்குறைய இருட்டிலும், பிறகு 2,000 முதல் 4,000 லக்ஸிலும் வைத்து மெல்லப் பழக்க வேண்டும். பிரகாசமான விளக்கின் கீழ் வைத்தால் மேலொட்டு அன்றைக்கே வாடிவிடும்.

நீர் தெளிக்கும் இடத்தில் மின்சாரம் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), இரும்பு ரேக்குக்கு எர்த், பிளக்குக்கு முன்னால் ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுவது (வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்) மூன்றும் கட்டாயம். செலவுக் கணக்கு: 120 வாட், 16 மணி நேரம் என்றால் நாளுக்கு 1.92 யூனிட், 25 நாள் நாற்றுக்கு 48 யூனிட். ஓர் அடுக்கு மட்டும் இரண்டு மாதத்தில் 115 யூனிட் இழுக்கும். நாற்றை விற்பவர்கள் எந்தக் கட்டணப் பிரிவில் இணைப்பு வாங்க வேண்டும் என்பதை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மொட்டைமாடியோ நிழல்வலைக் குடிலோ இருப்பவருக்கு இந்தச் செலவு அவசியமா என்று யோசிக்கலாம். நம் மாவட்டங்களில் நண்பகல் வெயில் 1 லட்சம் லக்ஸைத் தொடும். அதில் பாதியை வலை மறைத்தாலும் விளக்கைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருக்கும்.

அறையில் வளர்ந்த நாற்றை நேரே வயலுக்குக் கொண்டுபோனால் வெயிலில் இலை வெந்துபோவதும் இதனால்தான். நடவுக்கு முந்தைய 7 முதல் 10 நாள் நிழல்வலைக்கு மாற்றி, முதல் நாட்களில் காலை ஏழு முதல் ஒன்பது மணி வரை மட்டும் திறந்த வெயில் காட்டி, நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள். விளக்கு விற்பவர்கள் எந்த உயரத்தில் எத்தனை சதுர அடிக்கு எவ்வளவு ஒளி விழும் என்ற அளவுப் படத்தைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். பாப்பாரப்பட்டி, எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையங்கள் ஒரு மாதிரி ரேக்கை அமைத்துக் காட்டுவதோடு, விவசாயிகள் இரண்டு நாள் எடுத்துச்சென்று அளந்துவிட்டுத் திருப்பித் தர லக்ஸ் மீட்டர் சிலவற்றை வாங்கி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
காய்கறி நாற்றங்கால் நடத்துவோர்,
ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.