7 ÷ 0: பள்ளி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி மேலாளர் வாரியத்தினருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

ஐந்தாம் ஆண்டு கணிதத் தாள் விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. 7 ÷ 0 என்ற கேள்விக்கு என் மகள் ‘வகுக்க முடியாது’ என்று எழுதினாள். சிவப்பு மையில் தப்பு. ‘0’ என்று எழுதியவர்களுக்கெல்லாம் சரி. மூன்று முறை அலுவலகம் வந்தேன். ‘விடைப் பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது’ என்று மூன்று முறையும் ஒரே பதில்.

அவள் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்: 6 ÷ 2 = 3, ஏனென்றால் 3 × 2 = 6. அப்படியென்றால் 0 × 0 ஏழாக வேண்டுமே, ஆகுமாப்பா? ஆகாதும்மா என்றேன். “சரி, இனிமே நானும் 0ன்னே எழுதிடறேன்” என்றாள். எனக்கு வலித்தது அதுதான். அந்த ஒரு மதிப்பெண் புள்ளியைத் திருத்துங்கள்.

சுழியின் அருமை ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். என் அம்மா காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்ட நாளில், பால் சேரும் மங்கில் தண்ணீர்தான் நின்றது. தோட்டத்துக் கணக்கரான கிராணி, வருகைப் பதிவேடான செக்ரோலில் இடத்தைக் காலியாக விட்டார். “வந்தேன், வெட்டினேன், பால் கிடைக்கல. சுழி போடுங்க, காலியா விடாதீங்க” என்று நின்றே வாங்கினார் அம்மா. வராததும் வந்து ஒன்றும் கிடைக்காததும் ஒன்றா?

சுழியையும் ஓர் எண்ணாகக் கொண்டு கி.பி. 628இல் விதிகள் எழுதிய இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தரே, 0 ÷ 0 = 0 என்று சறுக்கினார். அவரே சறுக்கிய இடத்தில் ஆசிரியர் சறுக்கினால் குற்றமில்லை. திருத்த மறுப்பதுதான் குற்றம்.

மண்டபச் சுவரில் ‘பூஜ்ஜியத்தை உலகுக்குத் தந்தவன் தமிழன்’ என்று பெரிய பேனர் வேறு! நம் பழைய எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனி எழுத்து; சுழிக்கு வேலையே இல்லை. பெருமை வேண்டுமென்றால் கடல் தாண்டி இந்தோனேசியாவின் பலெம்பாங்கைப் பாருங்கள். அங்கே கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டில், பழைய மலாய் மொழியில், பல்லவ எழுத்தில், சக ஆண்டு 605 என்று இருக்கிறது. நடுவில் சுழி இல்லையென்றால் அது 65. பேனர் அடிக்கக் காசு இருக்கிறது, ஒரு தாளைத் திரும்பப் பார்க்க நேரம் இல்லை. சரி, அது வேறு கதை, மன்னியுங்கள்.

தயவுசெய்து அந்த விடைப் பட்டியலை மாற்றி, அந்த ஒரு புள்ளியைக் கொடுங்கள். ‘0’ எழுதிய பிள்ளைகளின் புள்ளியைக் குறைக்க வேண்டாம். ஏன் முடியாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தால் போதும். அடுத்த முறை அவளையும் கூட்டி வருகிறேன். தாள் அவள் பையில்தான் இருக்கிறது.

பணிவுடன்,
ஐந்தாம் ஆண்டு மாணவியின் தந்தை