நகலில் தொலையும் புள்ளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துணைப்பாட வகுப்புகளில் தரப்படும் தமிழ் நகல்தாள்கள் பலவற்றை வைத்துக்கொண்டு எழுத்துப்பிழைக்காகப் பிள்ளைகளைக் கடிவது நியாயமில்லை. ஆங்கிலத் தாளில் ஒரு புள்ளி மறைந்தாலும் சொல் விளங்கிவிடும். தமிழில் புள்ளி போனால் மெய்யெழுத்தே போயிற்று. நகல் வெளிறினால் ஏகாரத்தின் காலும் மறைந்து 'ஏரி' 'எரி' ஆகும். கறுத்தாலோ சுழிகள் அடைத்துக்கொள்ளும். மூன்று சுழி எது, இரண்டு சுழி எது என்று தெரியாமல் 'மணம்' 'மனம்' ஆகும். 'கோடு' 'கொடு' ஆகும்.

ஆகவே நகல் இயந்திரம் தானாகத் தேர்ந்தெடுக்கும் அடர்த்தியை, அதாவது எழுத்தின் கருமை அளவை, நம்ப வேண்டாம். 'எழுத்து' முறைக்கு மாற்றி, அடர்த்தியைக் கையால் வையுங்கள். 'எழுத்தும் படமும்' என்ற முறை எழுத்தின் விளிம்பைச் சிறு புள்ளிகளாக உடைத்துவிடும். பழுப்பேறிய பழைய நூலென்றால், தாளின் நிறத்தை மறைக்கும் பின்னணி நீக்கத்தை ஒரு படி மட்டும் கூட்டலாம். அதற்கு மேல் போனால் தாளின் பழுப்போடு மெல்லிய புள்ளிகளும் சேர்ந்து போய்விடும். மறுபக்க எழுத்து தெரிந்தால் அந்தப் பக்கத்தின் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் போதும்.

முதலில், ஆகச் சிறிய எழுத்துள்ள பக்கத்தை ஒரே ஒரு நகல் எடுத்து, புள்ளி, ண, ஏ மூன்றையும் பாருங்கள். அவை தெளிவாக இருந்தால் மற்றவையும் இருக்கும்.

பெரிதாக்குவதை மூல நூலிலிருந்தே செய்ய வேண்டும். ஏ5 பக்கத்தை ஏ4 தாளுக்கு 141 விழுக்காட்டில் எடுத்தால் சுழிகள் விரிந்து, மை பரவினாலும் அடைபடாது. அடைபட்ட நகலைப் பெரிதாக்கினால் கிடைப்பது பெரிய கறைதான். நகலுக்கு நகல் எடுக்கும் பழக்கமே இங்குள்ள பெருங்கேடு. ஒருமுறை வருடி (ஸ்கேன் செய்து), கோப்பாக வைத்துக்கொண்டு, வேண்டியபோதெல்லாம் அதிலிருந்து அச்சிடலாம். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு), சிறு எழுத்துக்கு 600; வெறும் கறுப்பு வெள்ளையில் அல்லாமல் சாம்பல் நிறத்தில் வருடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிக் கெடுத்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

தடித்த நூலின் நடுவே விழும் கறுப்பு நிழல் வரித் தொடக்கங்களை விழுங்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் அடக்கும் சிக்கனத்தை விட்டு, ஒரு பக்கத்தை மட்டும் கண்ணாடியில் அழுத்தி எடுங்கள். முதுகு உடையும் நூலாக இருந்தால் அழுத்தக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நகலின் நீளவாக்கில் ஒரே கோடு வந்தால் பலரும் பெரிய கண்ணாடியைத் துடைக்கிறார்கள். தாளை மேலிருந்து இழுக்கும் தட்டில் போட்டு எடுக்கும்போது வரும் கோட்டுக்குக் காரணம், பக்கத்திலுள்ள குறுகிய கண்ணாடிப் பட்டையில் ஒட்டிய தூசியோ காயாத திருத்த மையோதான். திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், கண்ணாடிமேல் தெளிக்கக்கூடாது. ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் கறை பெரும்பாலும் இயந்திரத்தின் உள்ளே சுழலும் உருளையிலிருந்து வருவது; கண்ணாடியைத் துடைத்தால் போகாது.

இன்னொன்று நம்மூர்ப் புழுக்கம். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பிரித்துப் போட்ட 500 தாள் கட்டு, இரவில் குளிர்சாதனம் நின்றதும் ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தாளில் டோனர் என்னும் மைத்தூள் சீராக ஏறாமல் திட்டுத்திட்டாக வெளிறும். தாள் சுருண்டு சிக்கவும் செய்யும். டோனர் தீர்ந்துவிட்டதென்று புதிதாக வாங்கும் முன், புதுக் கட்டிலிருந்து பத்துத் தாளைப் போட்டுப் பாருங்கள். மீந்த தாளை அதன் உறையிலேயே மடித்து வைக்கலாம்.

எவ்வளவு பக்கம் நகலெடுக்கலாம் என்பது 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் கணக்கு. அதைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் 2 சென்டிமீட்டராவது விடுங்கள். கோப்பில் கோக்கத் துளையிடும்போது எத்தனையோ தாள்களில் வரியின் முதல் எழுத்து அந்தத் துளையோடு போய்விடுகிறது.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்